உடும்பை எடுத்தவள்

என் நாத்தனாரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பேரைப் போட மாட்டேன். போட்டால், "என்னைக் கேக்காம எப்படி அண்ணி எழுதுனீங்க?" என்று சண்டைக்கு வருவாள். போடாவிட்டாலும் வருவாள், கொஞ்சம் குறைவாக வருவாள். அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் விடுகிறேன்.

கெடாரிலிருந்து திண்டிவனத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் அந்த வீட்டில் ஒரு சத்தம் கேட்கும். மத்தியானம் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மாமனார் கழனிக்குக் கிளம்பியதும், பின்பக்கத்து அறையில் பித்தளை தரையில் உருளும். உடனே ஒரு பெண்குரல், "யானை செத்துச்சு! ஐயோ பாவம், யானை செத்துச்சு!" என்று கூவும். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி மாடு முதல் மாமரம் வரை விசாரித்த எங்கப்பா, அந்த வீட்டுப் பெண்ணுக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று மட்டும் விசாரிக்காமல் விட்டுவிட்டாரே என்று நினைத்தேன்.

எட்டிப் பார்த்தால், தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர், அவருடைய தங்கை, கடைசித் தம்பி. கையில் தாயக்கட்டை. ஆனால் ஆடியது தாயம் இல்லை. என் கொழுந்தன் அவனாகவே கண்டுபிடித்த மிருகச் சண்டை. தீப்பெட்டி மேலே இருக்கும் படங்களைக் கத்தரித்து சோடா மூடியில் ஒட்டியிருந்தான். யானை, புலி, பாம்பு எல்லாம் தீப்பெட்டியில் கிடைத்தன. உடும்புக்கு மட்டும் படம் அகப்படவில்லை. அவனே வரைந்துவிட்டான். வெண்டைக்காய்க்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது அது.

ஆட்டம் ஒன்றும் கஷ்டமில்லை. ஆளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி மிருகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டையை உருட்டி, விழுந்த எண்ணிக்கைக்குக் கட்டத்தில் நகர்த்த வேண்டும். எதிரி நம் கட்டத்தில் வந்து உட்கார்ந்தால் நம் மிருகம் செத்தது. ஆனால் சாவதற்கு முன்னால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம் உண்டு. யானைக்கு ஒரு முறை உருட்டிப் பன்னிரண்டு விழுந்தால் பிழைத்துக்கொள்ளும், அடிக்க வந்ததையும் மிதித்துப் போடும். புலிக்கு ஆறு. பாம்புக்குத் தாயம், அதாவது ஒன்று. உடும்புக்கும் தாயம்தான், ஆனால் அதற்கு இரண்டு முறை உருட்டிப் பார்க்கலாம். இரண்டில் எதில் தாயம் விழுந்தாலும் உடும்பு பிடித்த பிடியை விடாது, பிழைத்துக்கொள்ளும்.

என் வீட்டுக்காரர் யானையைத்தான் எடுப்பார். கொழுந்தன் புலியைப் பிடுங்குவான். இவள் அந்த வெண்டைக்காய் உடும்பை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். ஒரு நாளும் மாற்றி எடுத்து நான் பார்த்ததில்லை.

"இன்னாண்ணா, பெருசா இருக்குதேன்னு எடுக்கிறியா?" என்பாள். "படத்தைப் பாத்து ஆடாதே. வரத்தைப் பாத்து ஆடு."

அவள் விழுப்புரம் காலேஜில் கணக்கு எடுத்து பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். காலையில் திண்டிவனத்தில் ரயில் ஏறி, மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று போய்ப் படித்தவள். படிப்பு முடிந்த பிறகு சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருந்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தன் விஷயத்தைத் தானே முடிவு பண்ண வேண்டும். அந்த வீட்டில் அது நடக்கிற காரியமா? எல்லாருக்கும் மாமனார் முடிவு பண்ணுவார். மாமனாருக்கு மயிலம் முருகன் முடிவு பண்ணுவார்.

மாமனார் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். கை சுத்தமான மனுஷர். மல்லாட்டை (எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பேர்) போட்டால் பக்கத்துக் கழனிக்காரன் விதைக்குக் கையேந்தினாலும் கொடுத்துவிட்டுத்தான் தன் நிலத்தில் போடுவார். ஆனால் எதையும் பூக்கட்டிப் பார்க்காமல் செய்ய மாட்டார். மலைக்கோயிலுக்குப் போய், ஒரு இலையில் சிவப்பு அரளி, இன்னொன்றில் வெள்ளை நந்தியாவட்டை, இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி காலடியில் வைத்து, அர்ச்சகரை ஒன்றை எடுத்துத் தரச் சொல்லுவார். சிவப்பு வந்தால் செய்யலாம். வெள்ளை வந்தால் கூடாது. கிணறு வெட்டவும் பூ, மாடு வாங்கவும் பூ. எங்கள் தெருவுக்கு முதல் டிவி வந்த வருஷம் கொழுந்தன் ஒரு டிவி கேட்டான். அதற்கும் பூ. வெள்ளை வந்துவிட்டது. பையன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு நாள் நானும் அவளும் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தோம். யானையை விட உடும்பில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. முறத்தை நகர்த்திவிட்டுத் தரையில் எழுதவே ஆரம்பித்துவிட்டாள்.

"ஒரு கட்டையில நாலு முகம் அண்ணி. ஒண்ணு, ரெண்டு, மூணு, அப்புறம் ஒரு வெத்து முகம். ரெண்டு கட்டையும் சேந்தா பதினாறு விதமா விழும். சரியா? பன்னெண்டுன்னா ரெண்டும் வெத்தா விழணும். பதினாறுல அது ஒரே ஒரு விதம்தான். தாயம்னா ஒண்ணுல வெத்து, ஒண்ணுல ஒண்ணு. இந்தக் கட்டையில வெத்தா இருக்கலாம், அந்தக் கட்டையிலயும் வெத்தா இருக்கலாம். ரெண்டு விதம். அப்ப யானையை விடப் பாம்புக்கு ரெண்டு பங்கு உசுரு. உடும்புக்கு ரெண்டு தபா உருட்டலாம்."

"அப்ப நாலு பங்கு. பதினாறுல நாலு," என்றேன். எனக்கும் பெருமையாக இருந்தது, பத்தாவதோடு நின்றவள் பி.எஸ்ஸி.க்குப் பதில் சொல்லிவிட்டேனே என்று.

"இல்ல! எல்லாரும் இங்கதான் கவுறாங்க. மொத உருட்டுலயே தாயம் விழுந்துட்டா உடும்பு பொழைச்சாச்சு. அப்புறம் ரெண்டாவது உருட்டு எதுக்கு? அதுலயும் தாயம் விழறதைச் சேத்து ரெண்டு தபா எண்ணிட்டீங்க. அதைக் கழிக்கணும். பதினாறுல ரெண்டுன்னா எட்டுல ஒண்ணு, ரெண்டு தபாவுக்கு எட்டெட்டு அறுபத்து நாலு. அதுல பதினாறு இல்ல, பதினஞ்சு. கால்வாசிக்குக் கொஞ்சம் கம்மி."

"அந்தக் கொஞ்சத்துல என்னடி வந்துடப் போவுது?"

"அந்தக் கொஞ்சத்துலதான் அண்ணி எல்லாரும் தன்னைத்தானே ஏமாத்திக்கிறாங்க," என்றாள். அதற்கப்புறம்தான் முறத்தை இழுத்துக்கொண்டாள்.

அவளை ஜெயிப்பது கஷ்டம். அதை விடக் கஷ்டம், அவள் ஜெயித்த பிறகு அவளைப் பாராட்டுவது. ஒரு முறை உடும்பு தொடர்ந்து பிழைத்துக்கொண்டே வந்தது. என் வீட்டுக்காரர் கட்டையை வீசிவிட்டு, "இவளுக்கு நேரம்டா. ராசிக்காரி. கையில எதைத் தொட்டாலும் விழுது," என்றார். வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பாள். இவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ராசின்னு சொல்லாதே. இன்னிக்கு விழுந்துச்சு, நாளைக்கு விழாது. நான் உடும்பை எடுத்தேன் பாரு, அதைச் சொல்லு. அது மட்டும்தான் நான் பண்ணது."

மறுநாள் அப்படியே விழாமல் போயிற்று. வரிசையாகத் தோற்றாள். உடும்பு செத்துக்கொண்டே இருந்தது. கொழுந்தன் ஒவ்வொரு தடவையும் உடும்புக்கு ஒப்பாரி வைத்தான். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த ஆட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கும்போது யானை கேட்பாரில்லாமல் நடுவில் கிடந்தது. அவர் வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தார். இவள் கையை நீட்டி உடும்பை எடுத்துக்கொண்டாள்.

"அடங்கவே மாட்டியாடி நீ?" என்று எனக்கே கோபம் வந்துவிட்டது.

"நாலுல ஒரு தபா பொழைக்கும்னா, நாலுல மூணு தபா சாவும்னுதானே அண்ணி அர்த்தம்? தோத்தா தப்பா எடுத்தேன்னு ஆயிடுமா? தப்பா எடுத்து ஜெயிக்கிறாங்க பாருங்க, அவுங்களைப் பாத்தாதான் எனக்குப் பேஜாரு."

அவளை யாரென்று கேட்டால் இந்த ஒன்றைத்தான் சொல்லுவேன். விழுந்ததை வைத்து எதையும் ஒத்துக்கொள்ள மாட்டாள். நல்லது விழுந்தாலும் சரி, கெட்டது விழுந்தாலும் சரி. ஏன் எடுத்தாய் என்று கேள், பதில் சொல்லுவாள். என்ன விழுந்தது என்று கேட்டால் அது கட்டை பாடு என்பாள்.

இந்த வாயை வைத்துக்கொண்டு பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்தால் என்ன ஆகும்? விக்கிரவாண்டியிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. பையன் தங்கமான பையன் மாதிரிதான் இருந்தான், தலை நிமிரவே இல்லை. பையனுடைய அப்பா பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே, பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருக்கிறது, இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்றார். மாமியார் உள்ளேயிருந்து கும்பிட்டுக்கொண்டார். காபித் தட்டோடு நின்றிருந்த இவள் வாயைத் திறந்தாள்.

"எட்டுப் பொருத்தம் இருந்து வெளங்காமப் போன குடும்பம் எத்தினி, பொருத்தமே பாக்காம நல்லா இருக்கிற குடும்பம் எத்தினின்னு யாராச்சும் எண்ணிப் பாத்திருக்கீங்களாங்க?"

மரியாதையாகத்தான் கேட்டாள். அவருக்குத்தான் பஜ்ஜி தொண்டையில் நின்றுவிட்டது. கார் கிளம்பின பிறகு மாமனார் அவளை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "உன்னைப் படிக்க வெச்சது என் தப்பு," என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு முழுக்க அவள் அறையை விட்டு வரவில்லை. நான் சோறு கொண்டுபோனபோது அழுதுகொண்டிருந்தாள். கல்லுளிமங்கி என்று நினைத்துக்கொண்டிருந்தேன் நான். அவளும் அழுவாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஒரு சின்னக் கேள்விதானே அண்ணி கேட்டேன்," என்றாள். "அதுக்கு ஏன் படிப்பை இழுக்கறாரு?"

ஆறுதல் சொல்லப் போன நான் அன்றைக்கு அவளிடம் வசமாக மாட்டிக்கொண்டேன். உன் அப்பா பூவைக் கேட்டு நல்லதும் நடந்திருக்கிறதே, என்னையே பூக்கட்டிப் பார்த்துச் சிவப்பு வந்த பிறகுதானே எடுத்தார்கள் என்றேன். எங்கள் ஊரில் எங்கம்மா அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள், முருகனே கொடுத்த இடம் என்று.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"உங்களுக்கு மொத தபா வெள்ளைதான் வந்துச்சு. ரெண்டாவது தபாவும் வெள்ளை. நான் அங்கதான் நின்னுக்கினு இருந்தேன். மூணாவதுதான் செவப்பு. அதோட போதும்னு கும்பிட்டு வந்துட்டாரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை நாளும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பெருமை அது. இரண்டு முறை வேண்டாம் என்று சாமி சொன்ன பெண்ணா நான்? எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இன்னும் புரியலையா அண்ணி? கெடாருக்கு வந்து உங்களைப் பாத்தப்பவே அப்பாவுக்குப் புடிச்சுப்போச்சு. புடிக்கலன்னா மொத வெள்ளையிலயே விட்டிருப்பாரு. செவப்பு வர்ற வரைக்கும் போட்டாரு பாருங்க. நீங்க இந்த வீட்டுக்குக் குலுக்கல்ல வரல. வேணும்னு கூப்பிட்டதாலதான் வந்தீங்க."

முருகன் கொடுத்த இடம் என்பதை விட இது எனக்கு இனித்தது. ஆனால் அதோடு இன்னொன்றும் புரிந்துபோயிற்று. மாமனார் பூவைக் கேட்பதில்லை. தனக்கு வேண்டியது வரும் வரைக்கும் கேட்கிறார். அவருக்கே அது தெரியாது. இவளுடைய விஷயத்தில் அவருக்கு என்ன வேண்டும் என்று நினைத்தபோது எனக்குப் பயமாக இருந்தது.

மாசி பிறந்ததும் ஆர்டர் வந்தது. மெட்ராஸில் ஒரு சர்க்கார் ஆபீஸ், புள்ளிவிவரப் பிரிவு. கூடப் படித்தவள் ஒருத்தி அங்கே பெண்கள் ஹாஸ்டலில் இருந்தாள், அவளோடு தங்கிக்கொள்ளலாம். வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. எல்லாரும் மாமனார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வெள்ளிக்கிழமை மயிலம் போயி கேட்டுடுவோம்," என்றார்.

"கேக்கறதுக்கு இன்னாப்பா இருக்குது? திங்கக்கிழமை சேரணும்னு போட்டிருக்குது."

"கேட்டுட்டுப் போ."

மாமியார் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினார். அம்மாவுக்காக வருகிறேன், பூவுக்காக இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். வரும்போது கையில் பெட்டி.

"மலைக்கு எதுக்குடி பெட்டி?" என்றார் மாமியார்.

"இங்க வந்துட்டுத் திரும்பப் போறது வீண் அலைச்சல்மா. மயிலத்துலருந்து கூட்டேரிப்பட்டு போனா மெட்ராஸ் பஸ்ஸு வந்துக்கினே இருக்குது."

மலையடியில் தேங்காய்க் கடையில் பெட்டியை வைத்துவிட்டுப் படி ஏறினாள். மாமனார் அதைப் பார்த்தார். மேலே போய்ப் பூவை மடித்ததும் அவர்தான். அர்ச்சகர் இரண்டையும் சாமி காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு ஒன்றை எடுத்து வந்தார். மாமனார் பிரித்தார். செக்கச்செவேல் என்று அரளி.

"முருகா!" என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் தங்கையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். மாமனார் அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னொரு தபா போடுங்க சாமி," என்றார்.

"எதுக்குப்பா இன்னொரு தபா?" என்றாள் அவள்.

"மனசுக்குத் திருப்தியா இல்ல."

"யாரு மனசுக்கு? சாமி மனசுக்கா, உங்க மனசுக்கா?"

அர்ச்சகர் பாவம், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பூவை மறுபடி மடிக்க ஆரம்பித்தார்.

"போடுங்க சாமி, நல்லாப் போடுங்க," என்றவள் அப்பா பக்கம் திரும்பினாள். "இப்ப வெள்ளை வர பாதிக்குப் பாதி. அதுவும் செவப்பா வந்தா இன்னொரு தபா போடுவீங்க. வெள்ளை வர்ற வரைக்கும் போட்டுக்கினே இருந்தா வெள்ளை வந்துதானேப்பா தீரும்? அதுல எனக்கு வழி எங்க இருக்குது?" அதோடு நிறுத்தவில்லை. "இன்னொண்ணும் கேட்டுக்குங்க. செவப்பு வந்துச்சுன்னு நான் போவல. வெள்ளை வந்திருந்தாலும் போயிருப்பேன்."

"ஐயோ, வந்த வரத்தை வாயால கெடுத்துக்கிறாளே," என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அடியே, சிவப்பு வந்தாச்சு, சாமியே சொல்லியாச்சு, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு கிளம்பக் கூடாதா! எந்தப் பெண்ணாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். நான் செய்திருப்பேன். பூ தயவில் கிடைத்த மெட்ராஸ் அவளுக்கு வேண்டாம்.

மாமனார் ஓர் அடி முன்னால் வந்தார். "அப்ப சாமியவே எதுத்துக்கினு போறியா நீ?"

"சாமி இன்னாப்பா பண்ணாரு? அவரை எதுக்கல. உங்களைத்தான் எதுத்துக்கினு போறேன்."

சன்னதியைப் பார்த்து விழுந்து கும்பிட்டாள். எழுந்து வந்து அப்பா காலையும் தொட்டாள். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை, வாழ்த்தவும் இல்லை. அம்மாவைக் கட்டிப் பிடித்தாள். என் கையை ஒரு முறை அழுத்திவிட்டு விடுவிடுவென்று படி இறங்கிவிட்டாள்.

யாரும் அசையவில்லை. மாமனார்தான் என் பக்கம் திரும்பினார். அதிகாரமாகப் பேசுகிற மனுஷர், கெஞ்சுகிற குரலில் பேசினார்.

"நீ ஜல்தியா போயி கூட்டிக்கினு வாம்மா. உன் பேச்சைத்தான் கேப்பா."

உண்மைதான். என் பேச்சைக் கேட்டாலும் கேட்பாள். மாமா உடைந்துபோய் நிற்கிறார், இன்னும் ஒரு மாசம் பொறுத்துப் போகலாமே என்று நான் கண்ணைக் கசக்கினால் ஒருவேளை நின்றுவிடுவாள். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் சொன்ன எதையும் நான் தட்டினதில்லை. என் வீட்டுக்காரர் கண்ணால், போயேன் என்றார்.

"நான் சொல்ல மாட்டேன் மாமா," என்றேன்.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மாமனார் என்னையே பார்த்தார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அர்ச்சகர் இரண்டாம் முறை வைத்து எடுத்த பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "பிரிக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

மாமனார் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். அவள் கடைசிப் படி இறங்கித் தேங்காய்க் கடையில் பெட்டியை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"வேணாம் சாமி," என்றார்.